8.5-இலிருந்து 10.5-க்கு: ஷவர் மாற்றுவதற்கு முன் கேபிளைத் தேடிப் போனது

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு இந்தப் பெட்டி பழக்கமாகத்தான் இருக்கும். குளியலறைச் சுவரில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு எலக்ட்ரிக் ஷவர். பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று, தடித்த கேபிள் ஒன்று, அதற்கு வேண்டியது அவ்வளவுதான். பாய்லர் படுத்துக்கொண்டாலும் குளிக்க வெந்நீர் வரும். லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் இருந்தது 8.5 கிலோவாட். கோடையில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 8 டிகிரிக்கு இறங்கும்போதுதான் அதன் வேஷம் கலையும். சூடு வேண்டுமென்றால் தண்ணீர் குறையும், தண்ணீர் வேண்டுமென்றால் சூடு குறையும்.

அதனால் 10.5 கிலோவாட் ஷவருக்கு மாறலாம் என்று பார்த்தேன். கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை 8 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற ஏறக்குறைய 134 கிலோஜூல் வேண்டும். 8.5 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 3.8 லிட்டர் கிடைக்கும், 10.5 கிலோவாட்டில் 4.7. கூடுதலாகக் கிடைப்பது ஒரு லிட்டர்கூட இல்லை. இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். குளிர்காலத்தில் குளிப்பதற்கும் சும்மா நனைவதற்கும் உள்ள வித்தியாசமே அந்த முக்கால் சொச்சம் லிட்டர்தான் என்பது என் கட்சி.

ஷவர் விற்கிற கடையில் கேட்டால், "பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்டிவிடலாம், வயர் இருக்கிறதே" என்றார்கள். குழாயைப் பொறுத்தவரை அது உண்மை. கேபிள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நம் ஊர் இன்ஸ்டன்ட் கீசர் பெரும்பாலும் 3 கிலோவாட். 13 ஆம்பியர் எடுக்கும், 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் ஓடும். இங்கே ஷவருக்குப் பிளக்கே கிடையாது; வீட்டின் மெயின் போர்டிலிருந்து தனி கேபிள். 8.5 கிலோவாட் என்று பெட்டியில் போட்டிருப்பது 240 வோல்ட் கணக்கு. அதை 240-ஆல் வகுத்தால் 35.4 ஆம்பியர். 10.5-க்கு 43.75. (10.5 பெட்டியிலேயே 230 வோல்ட்டுக்கு 9.6 என்று இன்னொரு எண்ணும் இருக்கும், குழம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 240-க்கு மேல்தான் காட்டுகிறது, அதனால் பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டேன்.)

எட்டு ஆம்பியர் கூடுதல் என்றால் கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கேபிளுக்குள் உண்டாகும் சூடு ஆம்பியரோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆம்பியர் கால் பங்கு கூடினால் சூடு பாதிக்கு மேல், 53 சதவீதம் கூடும். 6 ஸ்கொயர் எம்எம் (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு) கேபிளில் 35.4 ஆம்பியர் போகும்போது மீட்டருக்குச் சுமார் 8 வாட் சூடு என்றால், 43.75-இல் 12 வாட். பதினைந்து மீட்டர் கேபிளென்றால் 180 வாட், சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும், கண்ணுக்குத் தெரியாமல்.

போர்டில் ஷவருக்கு இருந்தது 40 ஆம்பியர் எம்சிபி, அதாவது லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச். "லோடு கூடினால் ட்ரிப் ஆகிவிடுமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. எம்சிபி தன் அளவைப் போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் ட்ரிப் ஆகாமல் தாங்க வேண்டும் என்றுதான் தயாரிப்புத் தரமே சொல்கிறது. 40-க்கு அது 45.2 ஆம்பியர். 43.75 எடுக்கும் புது ஷவரைப் பழைய எம்சிபியில் மாட்டினால் அது பேசாமல் இருக்கும். எல்லாம் சரியாக இருப்பதாக நாமும் நினைத்துக்கொண்டு குளிப்போம்.

சரி, முதலில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் அலமாரி. தெருவிலிருந்து கரண்ட் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சீல் வைத்த மெயின் ஃபியூஸ் இருக்கிறது. இந்த நாட்டு வீடுகளில் அது 60, 80, 100 ஆம்பியர் என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். பெட்டியின் முகத்தில் 100 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பதும் 100 என்று அர்த்தமில்லை; சில சமயம் அது ஃபியூஸ் உட்காரும் கூட்டின் உச்ச அளவு மட்டுமே. சீலை உடைத்துப் பார்க்க நமக்கு உரிமையும் இல்லை, பார்க்கவும் கூடாது. அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் நிறுவனம் எதுவோ அவர்கள்தான் திறக்க வேண்டும். யார் என்று தெரியாவிட்டால் 105-க்கு அடித்தால் உங்கள் பகுதி நிறுவனத்தோடு இணைத்துவிடுவார்கள். எங்களுடையது 80 என்று தெரிந்தது. மீட்டரிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களும் 25 ஸ்கொயர் எம்எம்மாக இருந்ததால் 100-ஆக மாற்றிக் கொடுத்தார்கள். 16-ஆக இருந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

போர்டு பழைய பிளாஸ்டிக் பெட்டி. 2016-க்குப் பிறகு வீடுகளில் வைக்கும் புதுப் பெட்டி தீப்பிடிக்காத பொருளில், நடைமுறையில் இரும்புத் தகட்டில், இருக்க வேண்டும். பழையதை உடனே கழற்று என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் பெட்டியில் வேறொரு சிக்கல் இருந்தது. இரண்டு ஆர்சிடிகள் (கரண்ட் கசிந்தால் தானாக அறுக்கும் சுவிட்சுகள்), ஒவ்வொன்றுக்கும் அடியில் பாதி வீடு. ஷவரும் சமையலறைப் பிளக்குகளும் ஒரே 63 ஆம்பியர் ஆர்சிடிக்குக் கீழே. 44 ஆம்பியர் ஷவர் ஓடும்போது கெட்டிலும் வாஷிங் மெஷினும் சேர்ந்தால் அந்த 63 தாண்டும். ஆர்சிடி கசிவைப் பார்த்துத்தான் விழுமே தவிர, ஓவர்லோடைப் பார்த்து விழாது. சூடாகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் குளியலறைக்கு வெளியே, சீலிங்கில் தொங்கும் கயிற்று சுவிட்ச். மெயினை அணைத்து, பூட்டு மாட்டிய பிறகுதான் மூடியைத் திறந்தேன். இரண்டு முனை டெஸ்டர் வேலை செய்கிறதா என்று அதற்கான சோதனைப் பெட்டியில் பார்த்து, சுவிட்சின் டெர்மினல்களில் வைத்து, மறுபடி சோதனைப் பெட்டியில் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைத்தேன். மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதுவரை வரும் வயர்களில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. போர்டின் மூடியை நான் திறக்கவே இல்லை.

மூடியை இறக்கியதும் மூக்குக்குத்தான் முதலில் தகவல் வந்தது. மீன் வாடை. பிளாஸ்டிக் சூடேறி வேகும்போது வரும் வாடை அது; வீட்டில் மீன் சமைக்காத நாளில் சுவிட்சுப் பக்கம் அந்த வாடை வந்தால் விட்டுவிடக் கூடாது. ஷவருக்குப் போகும் பக்கத்து ஃபேஸ் டெர்மினலைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்குப் போயிருந்தது. வயரின் சிவப்பு உறை கடைசி ஒரு சென்டிமீட்டரில் வெடித்து, விரல் நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. பித்தளை ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். கால் சுற்றுக்கு மேல் தடையில்லாமல் திரும்பியது. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, செம்பு தளர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே நியூட்ரல் டெர்மினல் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. ஆக, குற்றவாளி ஷவர் அல்ல. அந்த ஒரு ஸ்க்ரூ. 35 ஆம்பியருக்கே இந்த நிலை.

சிவப்பு, கறுப்பு உறை என்றால் கேபிள் 2006-க்கு முந்தையது. அதன் பிறகு இங்கே ஃபேஸுக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம்தான். கேபிளின் அளவு சாம்பல் நிற மேலுறையில் அச்சாகியிருக்கும். எங்களுடையதில் பெயின்ட் மூடிவிட்டது. ஆகவே வெர்னியரால் ஓர் இழையை அளந்தேன். 6-இலும் 10-இலும் ஏழேழு இழைகள். 6-இல் ஓர் இழை 1.04 மில்லிமீட்டர், 10-இல் 1.35. எங்களுடையது 1.04 காட்டியது. ஏழால் பெருக்கிப் பரப்பு பார்த்தால் சரியாக 6-க்குப் பக்கம் வருகிறது.

இப்போது புத்தகக் கணக்கு. இங்கிலாந்தின் வயரிங் விதி பிஎஸ் 7671. அதன் அட்டவணைப்படி 6 ஸ்கொயர் ட்வின் அண்ட் எர்த் (ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே தட்டையான உறைக்குள்) கேபிளைச் சுவரிலோ மரத்திலோ காற்றுபடக் கிளிப் அடித்துக் கொண்டுபோனால் 47 ஆம்பியர் தாங்கும். 43.75 தேவை, அதற்கு மாற்றி வைக்கும் எம்சிபி 45, கேபிள் 47. காகிதத்தில் பாஸ். கடைக்காரர் சொன்னதும் இந்தக் கணக்கைத்தான். ஆனால் கேபிள் முழுக்கக் காற்றுபடப் போகிறது என்று யார் சொன்னது?

லாஃப்ட் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) ஏணியை இறக்கி மேலே ஏறினேன். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும். கண்ணாடிப் பஞ்சு தோலில் பட்டால் இரவு முழுக்கச் சொறிய வேண்டியிருக்கும். முன்பு இருந்தவர்கள் குளிர் தாங்க 270 மில்லிமீட்டர் பஞ்சு நிரப்பியிருந்தார்கள். வீட்டுக்கு நல்லதுதான், அரசாங்கமும் அந்த அளவைத்தான் பரிந்துரைக்கிறது. ஷவர் கேபிளோ பஞ்சு போடுவதற்கு முன்பே லாஃப்டின் தரைக் கட்டைகளில் கிளிப் அடிக்கப்பட்டது. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்குப் பஞ்சு. விலக்கினால் கேபிளின் தடம் பஞ்சில் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தது. ஓரிடத்தில் சமையல் அடுப்புக்குப் போகும் கேபிளும் அதே கிளிப்பில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தது.

கீழே மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது (அடுத்து மகனும் போனான்) பஞ்சை விலக்கி அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினேன். பஞ்சுக்கு வெளியே இருந்த துண்டில் உறை 19 டிகிரி, உள்ளே இருந்த துண்டில் 44. லாஃப்டின் காற்று 11. இது 8.5 கிலோவாட்டில். இந்தக் கேபிளின் பிவிசி உறைக்கு எல்லை 70 டிகிரி, அதுவும் உள்ளே செம்பை ஒட்டிய இடத்தில். உறைக்கு வெளியே 44 என்றால் உள்ளே இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

அட்டவணையில் இதற்கும் எண் உண்டு. சீலிங் பலகைக்கு மேல் 100 மில்லிமீட்டர் வரை பஞ்சு மூடிய 6 ஸ்கொயர் கேபிளுக்கு 34 ஆம்பியர். 100-க்கு மேல் போனால் 27. எங்களுடையது 270. ஆக, பழைய ஷவரின் 35 ஆம்பியரே இந்தக் கேபிளுக்கு அதிகம்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று எப்போதும் வரும்: ஷவர் பத்து நிமிடம்தானே ஓடுகிறது, அட்டவணை எண்கள் மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கானவை என்று. தனி ஆள் இருக்கும் வீட்டில் அதில் நியாயம் இருக்கலாம். திங்கட்கிழமை காலையில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போகும் வீட்டில் கேபிளுக்கு ஆற நேரமே இல்லை. தவிர, பஞ்சுக்குள் கேபிள் எவ்வளவு சூடாகிறது என்று எம்சிபிக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை நம்பி ஒரு சர்க்யூட்டைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த இடத்தில் எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் வழியாகக் கிடைத்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக லண்டனில் இதே தொழில். நான் 10 ஸ்கொயர் கேபிளுக்கு விலை விசாரித்து வைத்திருந்தேன். அவர் லாஃப்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, ஆரோ கேபிளுக்குப் போர்வை போத்தி நித்திரை கொள்ள விட்டிருக்கினம். 10 எம்எம் போட்டாலும் இதுக்குள்ளால கொண்டுபோனால் பிரயோசனம் இல்லை."

"தடிமன் கூடுமே அண்ணா?"

"கூடும். புத்தகத்தை எடுத்துப் பாருங்கோ."

பார்த்தேன். 10 ஸ்கொயர் காற்றுபடப் போனால் 64 ஆம்பியர். 100 மில்லிமீட்டருக்கு மேல் பஞ்சு மூடினால் 36. அதாவது புத்தம் புதிய 10 ஸ்கொயர் கேபிளைப் பழைய தடத்திலேயே இழுத்திருந்தால் 43.75 ஆம்பியருக்கு அது போதாது. காசைக் கொட்டி, சுவரை உடைத்து, தப்பான கேபிள் ஒன்றைப் போட்டு முடித்திருப்போம். கேபிளின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது அதன் தடிமன் மட்டுமல்ல. மொத்தப் பாதையில் மோசமான மீட்டர் எதுவோ, அதன் எண்தான் முழுக் கேபிளுக்கும் எண்.

எனவே பாதையை மாற்றினோம். போர்டிலிருந்து மேலே ஏறும் பகுதி செங்கல் சுவரில் பூச்சுக்கு அடியில் போகிறது. அதில் தொல்லை இல்லை, செங்கல் சூட்டை இழுத்துக்கொள்ளும். லாஃப்டுக்குள் நுழைந்ததும் பஞ்சுக்கு மேலே, கூரைச் சரிவுக் கட்டைகளோடு மரச்சட்டம் அடித்து, அதில் கிளிப் போட்டுக் கொண்டுபோனோம். அடுப்புக் கேபிளிலிருந்து ஒரு முழம் தள்ளி. இதனால் நீளம் இரண்டு மீட்டர் கூடியது. வோல்டேஜ் குறையுமே என்று பார்த்தேன். 10 ஸ்கொயரில் ஆம்பியருக்கு, மீட்டருக்கு 4.4 மில்லிவோல்ட். 16 மீட்டருக்கு 3 வோல்ட் சொச்சம். அனுமதி 11.5. கவலையே இல்லை.

எனக்குத் தோன்றியிருக்காத ஒரு விஷயம் கடைசி அரை முழத்தில் இருந்தது. லாஃப்டிலிருந்து சீலிங்கைத் துளைத்து சுவிட்சுக்கு இறங்கும் இடத்தில் கேபிள் 270 மில்லிமீட்டர் பஞ்சை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும். அந்தச் சின்னத் தூரத்துக்கும் கழிவு உண்டு: 100 மில்லிமீட்டர் பஞ்சைக் கடந்தால் 0.78-ஆல் பெருக்க வேண்டும், 200-க்கு 0.63. 64-ஐ 0.63-ஆல் பெருக்கினாலே 40-க்கு வந்துவிடுகிறது, நமக்கோ 44 வேண்டும். அண்ணன் ஒரு பலகைச் சட்டம் செய்து, கேபிளைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பஞ்சு அண்டாதபடி கிணறு மாதிரி விட்டார். அந்த இடத்தில் சீலிங் கொஞ்சம் குளிரும். குளிரட்டும்.

10 ஸ்கொயர் கேபிளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அது சொன்ன பேச்சைக் கேட்காது. சுவிட்சின் சிறிய கூட்டுக்குள் இரண்டு கேபிளையும் வளைத்து அடக்க ஆழமான கூடு வாங்க வேண்டியிருந்தது. சுவிட்ச் 50 ஆம்பியர், ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து அறுபடும் வகை. டெர்மினல்களை டார்க் ஸ்க்ரூடிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, கேபிளை லேசாக ஆட்டி, மறுபடி இறுக்கினார். பழைய டெர்மினலைப் பார்த்த பிறகு அந்த இரண்டாவது இறுக்கலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது.

போர்டையும் மாற்றிவிட்டோம். ஷவருக்குத் தனியாக 45 ஆம்பியர் ஆர்சிபிஓ. ஓவர்லோடும் 30 மில்லிஆம்பியர் கசிவும் ஒரே உருப்படியில். இனிப் பாதி வீடு ஒரே ஆர்சிடிக்கு அடியில் என்ற பேச்சில்லை. குளியலறைக் குழாய்களை இணைக்கும் பழைய பச்சை-மஞ்சள் எர்த் வயரை அப்படியே விட்டுவைத்தார். இப்போதைய விதியில் சில நிபந்தனைகள் சரியாக இருந்தால் அது தேவையில்லை. இருப்பதைப் பிடுங்கவும் தேவையில்லை.

இங்கிலாந்தில் போர்டு மாற்றுவதும் புது சர்க்யூட் இழுப்பதும் கட்டட விதி பார்ட் பி-யின்படி அறிவிக்க வேண்டிய வேலைகள். பதிவு பெற்ற எலக்ட்ரிஷியன் என்றால் அவரே தன் அமைப்பின் வழியாக அறிவித்துச் சான்றிதழும் தருவார். நாமே செய்தால் கவுன்சிலுக்கு முன்கூட்டி எழுதி, கட்டணம் கட்டி, அவர்கள் வந்து பார்க்க வேண்டும். நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்கும் காகிதங்களில் இது ஒன்று. மரச்சட்டம் அடிப்பது, கிளிப் போடுவது, பஞ்சு விலக்குவது, பூச்சு பூசுவது எல்லாம் நான்; இணைப்பு, சோதனை, கையெழுத்து அவர். செலவிலும் அது கொஞ்சம் குறைத்தது.

சோதனையில் இன்சுலேஷன் 500 வோல்ட்டில் 200 மெகாஓமுக்கு மேல் வந்தது. குறைந்தபட்சம் 1 போதும். எர்த் லூப், அதாவது கோளாறு நேர்ந்தால் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பும் சுற்றின் தடை, 0.27 ஓம். 45 ஆம்பியர் பி வகை ஆர்சிபிஓவுக்கு உச்சம் 0.97. ஆர்சிபிஓ 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும், பத்தில் ஒரு பங்கில் விழுந்தது.

தண்ணீர்ப் பக்கம் சொல்ல அதிகமில்லை. வாங்கும் முன்பே ஒரு வாளியை வைத்துத் தண்ணீர் வரத்தைப் பார்த்துக்கொண்டேன். நிமிடத்துக்குப் பதினொரு லிட்டர் வந்தது, ஷவர் கேட்பதைவிட அதிகம். மாட்டியதும் ஹீட்டரைப் போடாமல் முதலில் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டு டப்பா நிரம்ப வேண்டும். காய்ந்த டப்பாவில் சூடேற்றினால் முதல் நாளே கம்பிச்சுருள் போய்விடும், வாரன்டியும் வராது.

அடுத்த குளிரில் அளந்தபோது குழாய்த் தண்ணீர் 8 டிகிரி, ஷவரில் 40, அளவுக் குவளையில் நிமிடத்துக்கு 4.6 லிட்டர். கணக்கோடு ஒத்துப்போகிறது. மேலே லாஃப்டில், இருவர் அடுத்தடுத்துக் குளித்த பிறகு புதுக் கேபிளின் உறை 17 டிகிரி.

பழைய கேபிளில் லாஃப்டில் இருந்த பகுதியைப் பிடுங்கி எடுத்தேன், சுவருக்குள் இருப்பதை இரு முனையிலும் துண்டித்து விட்டுவிட்டோம். அடுத்து கார் சார்ஜர் பேச்சு வீட்டில் ஆரம்பித்திருக்கிறது. அது 32 ஆம்பியர், இரவெல்லாம் ஓடுவது. ஷவரும் அடுப்பும் ஓடும்போது தானாகத் தணிந்துகொள்ளும் வகை, மெயின் வயரில் சென்சார் மாட்டுவது, மட்டும்தான் வாங்க வேண்டும் என்று அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார். அதற்கான கேபிள் எந்தப் பக்கமாகப் போகும் என்று வரைந்து வைத்திருக்கிறேன். லாஃப்ட் பக்கமே அது போகாது.